ஆஃப் செய்தால் ஆஃப் ஆக வேண்டாமா? போனின் லொகேஷன், வைஃபை சுவிட்ச் யார் கையில்?

வீட்டில் ஃபேன் சுவிட்சை அணைத்தால் ஃபேன் நின்றுவிடும். மறுநாள் காலை அது தானாகச் சுற்ற ஆரம்பித்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். ஆனால், ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்த வைஃபை காலையில் ஆன் ஆகியிருந்தால், ‘நாமதான் போட்டிருப்போம் போல’ என்று சும்மா இருந்துவிடுகிறோம். நாம் போடவில்லை. போன்தான் போட்டுக்கொண்டது.

லொகேஷன், வைஃபை, புளூடூத் ஆகிய மூன்றையும் எப்போது ஆன் செய்வது, எப்போது ஆஃப் செய்வது என்பதை இன்றைய ஸ்மார்ட்போன்கள் பெருமளவு தாங்களே பார்த்துக்கொள்கின்றன. இதில் வசதி உண்டு. சில நேரம் உயிரைக் காப்பாற்றும் அளவுக்குக்கூடப் பயன் உண்டு. ஆனால், அந்த சுவிட்சின் கடைசி முடிவு யாருடையது என்ற கேள்விக்கு, போன் வாங்கியவருக்கு இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

காலை 5 மணிக்குக் கண்விழிக்கும் வைஃபை

2017-ல் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11-ஐ வெளியிட்டது. அதிலிருந்து, ஐபோனின் கன்ட்ரோல் சென்டரில் இருக்கும் வைஃபை பொத்தானைத் தட்டினால் வைஃபை முழுசாக அணையாது. அப்போதைக்கு இணைந்திருக்கும் நெட்வொர்க்கை மட்டும் துண்டிக்கும். அதற்கும் ஒரு கெடு உண்டு. உள்ளூர் நேரம் காலை 5 மணி ஆனாலோ, நீங்கள் வேறு இடத்துக்குப் போனாலோ, போனை ரீஸ்டார்ட் செய்தாலோ மறுபடியும் தானாக நெட்வொர்க்கில் சேர்ந்துகொள்ளும். புளூடூத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். நிஜமாகவே அணைக்க வேண்டும் என்றால் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் அணைக்க வேண்டும்.

அமெரிக்காவின் டிஜிட்டல் உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் அப்போதே இதைக் கண்டித்தது. பொத்தான் அணைந்ததுபோலக் காட்டுகிறது, ஆனால் அணையவில்லை என்பதே அதன் புகார். அதன்பிறகு வந்த ஐஓஎஸ் 11.2-ல், ‘நாளை வரை துண்டிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு அறிவிப்பைத் திரையில் காட்ட ஆரம்பித்தார்கள். நடைமுறை மாறவில்லை. சொல்லிவிட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டும் சளைத்ததில்லை. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8, சேமித்துவைத்த நல்ல நெட்வொர்க் அருகே வந்தால் வைஃபையைத் தானாக ஆன் செய்யும் வசதியோடு வந்தது. 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, அணைத்த புளூடூத்தை மறுநாள் தானாகப் போட்டுவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இரண்டையும் வேண்டாம் என்று மாற்ற வழி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்கள்தான் குறைவு.

எதுக்கு இந்த அவசரம்?

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன் நம் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தால் அது புரியும்.

முதல் வழி ஜிபிஎஸ். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை போன் கேட்கிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இங்கே போன் கேட்க மட்டுமே செய்கிறது, செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால்தான் ஏரோபிளேன் மோடில் போட்டாலும் இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. ஆனால், கட்டடத்துக்குள்ளோ சுரங்கப்பாதையிலோ இது தடுமாறும்.

இரண்டாவது வழி செல்போன் டவர். எந்த டவரோடு போன் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்து உத்தேசமாக இடம் தெரியும். நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர்கூட வித்தியாசம் வரலாம்.

மூன்றாவது வழிதான் பலருக்கும் தெரியாதது: வைஃபை. ஒவ்வொரு வைஃபை ரவுட்டரும் தனக்கென்று ஒரு அடையாள எண்ணை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. எந்த எண் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற மாபெரும் பட்டியலை கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் போன் அருகிலுள்ள ரவுட்டர்களின் எண்களைப் பார்த்து, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். ஷாப்பிங் மால் உள்ளே இருந்தாலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த வைஃபையில் நீங்கள் சேர வேண்டும் என்றோ, பாஸ்வேர்டு தெரிய வேண்டும் என்றோ அவசியமே இல்லை.

ஆக, வைஃபை என்பது இன்டர்நெட்டுக்கான வழி மட்டுமல்ல, இடத்தைக் காட்டும் கருவியும்கூட. இதோடு புளூடூத்தில் இயங்கும் இயர்பட்ஸ், வாட்ச், தொலைந்த போனைக் கண்டுபிடிக்கும் வசதி எல்லாம் சேர்கின்றன. வைஃபையை அணைத்துவிட்டு மறந்துபோனவர் டேட்டா தீர்ந்துவிட்டது என்று புலம்புவார். புளூடூத்தை அணைத்தவர் வாட்ச் வேலை செய்யவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போவார். ‘நாங்களே போட்டுவிட்டால் தொல்லை இல்லையே’ என்பதுதான் நிறுவனங்களின் வாதம்.

அணைத்த பிறகும் நடக்கும் தேடல்

இதுவரை பார்த்தது தானாக ஆன் ஆவது. அதைவிட நுட்பமான இன்னொன்று இருக்கிறது: ஆஃபில் இருக்கும்போதே வேலை செய்வது.

ஆண்ட்ராய்டு போன்களின் லொகேஷன் பகுதிக்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’, ‘புளூடூத் ஸ்கேனிங்’ என்று இரண்டு தனி சுவிட்சுகள் இருக்கும். இவை ஆனில் இருந்தால், மேலே வைஃபை ஆஃப் என்று காட்டினாலும், லொகேஷனைத் துல்லியமாக்குவதற்காக போன் அருகிலுள்ள ரவுட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. குழாயை மூடியாச்சு என்று நினைக்கிறோம், கீழே சொட்டிக்கொண்டிருக்கிறது.

சொட்டியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கும் பதிவுகள் உண்டு. லொகேஷன் சேவை அணைக்கப்பட்டிருந்தபோதும் ஆண்ட்ராய்டு போன்கள் அருகிலுள்ள டவர்களின் விவரத்தை கூகுளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை 2017 நவம்பரில் குவார்ட்ஸ் இதழ் வெளிக்கொண்டுவந்தது. அதை நிறுத்திவிடுவதாக கூகுள் சொன்னது. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ‘லொகேஷன் ஹிஸ்டரி’யை நிறுத்திய பிறகும், ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற வேறொரு செட்டிங் வழியாக இடத் தகவல் சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்தால் அதற்கும் லொகேஷனுக்கும் சம்பந்தமே இருப்பதுபோலத் தெரியாது.

விவகாரம் அரசுத் தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. 2022 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் கூகுளுக்கு 6 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து கூகுள் சமரசம் செய்துகொண்டது. இரண்டு இடத்திலும் அடிப்படைக் குற்றச்சாட்டு ஒன்றுதான்: அணைத்துவிட்டோம் என்று பயனாளரை நம்பவைத்தது.

‘என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?’

இப்படிக் கேட்பவர்கள் நிறைய பேர். நியாயமான கேள்விதான். பதிலும் சாதாரணமானதுதான்.

ஒருவர் ஒரு நாளில் போகும் இடங்களைத் தொடர்ந்து பார்த்தால், அவர் வாய்திறந்து சொல்லாதது எல்லாம் தெரியும். வாரம் ஒருமுறை எந்த மருத்துவமனைக்குப் போகிறார், எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறார், வேலையில் இருந்துகொண்டே வேறு எந்த அலுவலகத்துக்கு இன்டர்வியூ போனார், இரவு எங்கே தங்கினார் எல்லாமே அதில் இருக்கிறது. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பித்து வேறு ஊரில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு லொகேஷன் சுவிட்ச் என்பது வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி. அது தானாகத் திறந்துகொள்ளும் என்றால், ‘வசதிக்காகத்தான்’ என்ற சமாதானத்தை அவரிடம் சொல்ல முடியுமா?

வைஃபையை வைத்து யாரென்றே தெரியாதவர்களும் பின்தொடர முடியும் என்பதற்கு லண்டன் ஒரு உதாரணம். அங்கே தெருவோரக் குப்பைத்தொட்டிகள் சிலவற்றில் விளம்பரத் திரைகளை வைத்திருந்த ஒரு நிறுவனம், கடந்துபோகிறவர்களின் போன்கள் வெளியிடும் வைஃபை அடையாள எண்ணைப் பதிவுசெய்தது. ஒரே ஆள் திரும்ப எப்போது வருகிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். 2013 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்ததும் லண்டன் சிட்டி நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது.

இந்த விஷயத்தில் போன் நிறுவனங்கள் நல்லதும் செய்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல், வைஃபையில் சேரும்போது போன் தன் உண்மையான அடையாள எண்ணுக்குப் பதிலாக மாற்று எண்ணைக் காட்டுகிறது. நாம் கேட்காமலே, நமக்குச் சாதகமாக நடக்கும் தானியங்கி வேலை இது. பல மாதம் திறக்காத ஆப்பிடமிருந்து லொகேஷன் அனுமதியைத் தானாகப் பிடுங்கிவிடும் வசதியும் ஆண்ட்ராய்டு 11 முதல் உண்டு. ஆகவே தானாக நடப்பதெல்லாம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. யாருக்காக நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உயிர் காக்கும் தானியங்கி

இதற்குச் சிறந்த உதாரணம் அவசர அழைப்பு. விபத்தில் சிக்கியவருக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாமல் போகலாம், பேசவே முடியாமலும் போகலாம். இதற்காக 2014-ல் பிரிட்டனில் ஏ.எம்.எல். என்ற தொழில்நுட்பம் நடைமுறைக்கு வந்தது. அவசர எண்ணை அழைத்ததும் போனே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் ஆன் செய்து, இடத்தைக் கண்டுபிடித்து, அவசர உதவி மையத்துக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, ஜிபிஎஸ்ஸை மறுபடி அணைத்துவிடும். 2016-ல் கூகுளும், 2018-ல் ஆப்பிளும் இதைத் தங்கள் போன்களில் கொண்டுவந்தன.

இதில் பயனாளரிடம் அனுமதி கேட்டு ஒரு பெட்டி திறப்பதில்லை. ஆனாலும் யாரும் இதை எதிர்ப்பதில்லை. காரணம் இருக்கிறது. தூண்டுவது நம்முடைய அழைப்பு. தகவல் போவது உதவிக்கு வருபவருக்கு மட்டும். வேலை முடிந்ததும் சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் அது உதவி. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அதே தொழில்நுட்பம் கண்காணிப்பு ஆகிவிடும்.

இந்தியாவில் என்ன நிலைமை?

2018 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லா மொபைல் போன்களிலும் ஜிபிஎஸ் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி கொண்டுவந்தது. பெண்களின் பாதுகாப்புதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. கருவி இருக்க வேண்டும் என்பது வேறு, அது எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்ல மெல்ல அழிகிறதோ என்ற கவலை இப்போது எழுந்திருக்கிறது.

2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேது செயலி, புளூடூத்தையும் லொகேஷனையும் எப்போதும் ஆனில் வைத்திருக்கச் சொன்னது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் கோடிக்கணக்கானோர் ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகு 2025 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டவர் தகவல் துல்லியமாக இல்லை என்பதால், எல்லா ஸ்மார்ட்போன்களிலும் ஏ-ஜிபிஎஸ் எப்போதும் ஆனிலேயே இருக்கும்படி உத்தரவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அரசுக்கு யோசனை சொல்லியிருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. பயனாளர் அணைக்க வழி இருக்காது. இடத் தகவலைத் தொலைத்தொடர்பு நிறுவனம் எடுக்கும்போது திரையில் வரும் அறிவிப்பையும் நீக்க வேண்டும் என்பதும் கோரிக்கையின் ஒரு பகுதி. ஆப்பிள், கூகுள், சாம்சங் நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசு எந்த முடிவும் எடுக்கவில்லை என்றே அந்தச் செய்தி சொன்னது.

குற்றவாளியைப் பிடிக்க போலீஸுக்குத் துல்லியமான இடம் தேவைப்படும் வழக்குகள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால், அதற்காக ஒவ்வொரு குடிமகனின் சுவிட்சையும் நிரந்தரமாக ஒட்டிவைப்பது ஊரில் ஒரு திருடன் இருக்கிறான் என்று எல்லா வீட்டுக் கதவையும் கழற்றி வைக்கச் சொல்வதுபோல.

உச்ச நீதிமன்றம் இதில் தெளிவான திசையைக் காட்டியிருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 8-ல் ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் இன்னும் ஒருபடி போனது. ஜாமீனில் வருபவர் தன் இருப்பிடத்தை கூகுள் மேப்ஸில் ‘பின்’ போட்டு விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனை, அரசமைப்பின் 21-வது பிரிவுக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். போதைப்பொருள் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு என்றால், எந்த வழக்கும் இல்லாத சாதாரண மனிதருக்கு இல்லாமல் போகுமா?

மூன்று கேள்விகள்

போன் நிறுவனமோ, ஆப் நிறுவனமோ, அரசோ, யாராக இருந்தாலும் நம் போனின் சுவிட்சைத் தானாக இயக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஒன்று, யாருடைய தேவைக்காக இது ஆன் ஆகிறது? இரண்டு, எப்போது ஆஃப் ஆகும்? மூன்று, ஆன் ஆனது எனக்குத் தெரியுமா, வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா?

அவசர அழைப்பு வசதி முதல் இரண்டில் முழு மதிப்பெண் வாங்குகிறது. மூன்றாவதை உயிர் ஆபத்து என்ற காரணத்தால் விட்டுக்கொடுக்கலாம். காலை 5 மணி வைஃபை மூன்றாவதில் தட்டுத்தடுமாறித் தேறுகிறது. ‘ஆஃப்’ என்று காட்டிக்கொண்டே நடக்கும் ஸ்கேனிங் மூன்றாவதில் தோற்கிறது. எப்போதும் அணைக்க முடியாத ஏ-ஜிபிஎஸ் என்ற யோசனையோ மூன்றிலுமே தோற்கிறது. அதை அரசு நிராகரிக்க வேண்டும். நிறுவனங்களும் ‘தற்காலிகத் துண்டிப்பு’ வேறு, ‘முழு அணைப்பு’ வேறு என்பதை முதல் திரையிலேயே, தமிழ் உட்பட அந்தந்த மொழியில், பச்சையாக எழுதிவைக்க வேண்டும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

அதுவரை, ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம். போனுக்குப் போன் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும்.

• ஆண்ட்ராய்டில் ‘வைஃபை ஸ்கேனிங்’, ‘புளூடூத் ஸ்கேனிங்’ இரண்டையும் தேடுங்கள். கட்டடத்துக்குள் மேப் துல்லியமாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்றால் அணைத்துவிடலாம்.

• வைஃபை விருப்பங்களில் ‘தானாக ஆன் செய்’, புளூடூத்தில் ‘நாளை தானாக ஆன் செய்’ என்ற பொருளில் ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். தேவை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

• ஐபோனில் முழுசாக அணைக்க கன்ட்ரோல் சென்டரை நம்பாதீர்கள். செட்டிங்ஸுக்குள் போய் அணையுங்கள்.

• ஒவ்வொரு ஆப்புக்கும் லொகேஷன் அனுமதியைப் பாருங்கள். மேப், டாக்ஸி ஆப்களுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். வானிலை ஆப்புக்கு உத்தேச இடம் போதும், தெரு எண் வரை தெரிய வேண்டாம். டார்ச் ஆப் லொகேஷன் கேட்டால் ஆப்பையே தூக்கிவிடுங்கள்.

• ‘வாட்ச் ஆப் எதுக்கு லொகேஷன் கேக்குது?’ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பழைய ஆண்ட்ராய்டில் அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டியிருந்தது. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 இதைத் தனி அனுமதியாகப் பிரித்துவிட்டது. புது போனிலும் வாட்ச் ஆப் லொகேஷன் கேட்டால், நடந்த பாதையை வரைவது போன்ற காரணம் இருக்கிறதா என்று யோசித்துக் கொடுங்கள்.

• கூகுள் கணக்கில் ‘டைம்லைன்’, ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றும் நிற்காது.

• வீட்டில் யாருக்காவது மிரட்டல், பின்தொடரல் பிரச்சினை இருந்தால், வாட்ஸ்அப், கூகுள் மேப்ஸ் ஆகியவற்றில் எப்போதோ கொடுத்த ‘லைவ் லொகேஷன்’ பகிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

• அவசர எண்ணை அழைக்கும்போது இடத்தை அனுப்பும் வசதி போனில் இருந்தால் அதை அணைக்க வேண்டாம். அது நமக்காக இருப்பது.

தானாக நடக்க வேண்டும் என்று நீங்களே விரும்பினால் அதற்கும் வழி உண்டு. சாம்சங் போன்களில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’, ஐபோனில் ‘ஷார்ட்கட்ஸ்’ ஆட்டோமேஷன் ஆகியவற்றில் நம் விதியை நாமே எழுதலாம். இரவு 11 மணிக்கு வைஃபை ஆஃப், காலை 6-க்கு ஆன். பைக்கில் ஏறி ஹெட்செட் இணைந்ததும் மேப் திறப்பது. இப்படி எத்தனையோ. ஒரே ஒரு எச்சரிக்கை. ‘வீட்டுக்கு வந்ததும் வைஃபை ஆன்’ என்று விதி போட்டால், நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்களா என்று பார்க்க போன் உங்கள் இடத்தை நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் நேரத்தையோ, சார்ஜரில் போடுவதையோ, ஒரு கருவியோடு இணைவதையோ அடையாளமாக வைத்தால் லொகேஷன் தேவைப்படாது. பேட்டரியும் மிச்சம்.

இப்படி நாம் எழுதும் விதிக்கும் நிறுவனம் எழுதும் விதிக்கும் வேறுபாடு சின்னதுதான். ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாவதில் போன் நம் சொல்படி கேட்கிறது. இரண்டாவதில் நம் போன் வேறொருவர் சொல்படி கேட்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க வேண்டியதில்லை.